முதல் எதிரி முங்கு மாடன்

எங்கள் ஊர் முங்கு மாடன் மீது காவல் நிலையத்தில் அறுபத்துமூன்று வழக்குகள் இருக்கின்றன. அடிதடி நாற்பத்தேழு, எலும்பு முறிவு பதினான்கு, காது அறுத்தது ஒன்று, கொலை ஒன்று. மாடன் செத்து முன்னூறு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த அறுபத்துமூன்றும் போன கார்த்திகைக்கும் இந்த மாசிக்கும் இடையில் அவர் செய்தவை. முதல் வழக்கு, சங்கரலிங்கத்தின் வலது கை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டிலிருந்து மேற்கே திரும்பி மலையைப் பார்த்துப் போனால் எங்கள் வாகைக்குளம்பட்டி வரும். மலைத் தண்ணீர் வந்து நிறைகிற கண்மாய் ஒன்று உண்டு. அதன் கரையில் இரண்டு கல்தூண்களோடு நிற்பதுதான் பெரிய மடை. ஒரு வெள்ளத்தில் கரை உடையப் போனபோது, மடையைத் திறக்க வேலாண்டி என்கிற ஆள் உள்ளே முங்கினாராம். மடை திறந்தது. தண்ணீர் அவரையும் சேர்த்து இழுத்து, வயல் பக்கம் துண்டு துண்டாக வெளியே தள்ளியது. அன்றிலிருந்து அவர் முங்கு மாடன். உச்சிப்பொழுதில் மடைப்பக்கம் தனியாகப் போகிறவனை அறைவார்.

உண்மையில் அங்கே அறைந்துகொண்டது நாங்கள்தான். தண்ணீர் முறைக்குச் சண்டை வரும். மண்வெட்டிக் காம்பால் ஒருவன் போடுவான், இன்னொருவனுக்குப் பல் போகும். வீட்டில் கேட்டால் “மாடன் அறைஞ்சிட்டாரு” என்பான். அடித்தவன் மறுநாள் கல்தூணுக்கு ஒரு தேங்காய் உடைப்பான். ஒரு மூடியை அடிபட்டவன் தின்ன வேண்டும். அதோடு சரி. மடையில் நடந்ததற்கு மனுஷன் பேர் சொல்வதில்லை என்பது ஊர் வழக்கம். இந்த வழக்கத்தால் மூன்று தலைமுறையாகப் போலீஸ் ஊருக்குள் வந்ததில்லை.

சங்கரலிங்கம் நீர்பாய்ச்சி. மடை ஷட்டரைத் திருகுகிற நாலடி இரும்புச் சாவி அவரிடம்தான் இருக்கும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்த்து விடுவது அவர் வேலை. அவர் மனைவி கனகலட்சுமி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ரோல் சுற்றிப் பாக்கெட் போடுகிறாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு சௌந்தரபாண்டியன் மடைக்கு வந்தார். நாலு டிப்பர், ஒரு ஜேசிபி வைத்திருப்பவர். மனைவி பஞ்சாயத்துத் தலைவியாக இருந்து முடித்த பிறகும் காரில் ‘முன்னாள் தலைவரின் கணவர்’ என்று எழுதி வைத்திருப்பவர். கண்மாய் மண்ணைச் சூளைக்கு அனுப்புவது அவர் தொழில். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, கண்மாய் நிறைந்து, தொழில் படுத்துவிட்டது.

ஷட்டரைப் பத்து நாளைக்குத் தூக்கி விடச் சொன்னார். தரை தெரிந்தால் போதும் என்றார்.

“அண்ணாச்சி, நட்டு நாப்பது நாள்கூட ஆகல. தண்ணி போச்சுன்னா நூத்தியிருவது ஏக்கரும் காஞ்சிரும்” என்றார் சங்கரலிங்கம்.

“நெல்லு போனா அடுத்த வருஷம் வெளையும்லே. மண்ணு அப்படியா? நான் எடுக்கலன்னா எவனாவது எடுத்துருவான்.”

சங்கரலிங்கம் சாவியை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். சௌந்தரபாண்டியனின் அக்காள் மகன் சதீஷ் டிப்பரிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்து வந்தான். முதல் அடி சாவியில் பட்டது. இரண்டாவது முழங்கைக்குக் கீழே. மூன்றாவதும் அதே இடத்தில்தான் விழுந்தது. அதற்கு மேல் கை, கை மாதிரி இல்லை. கீழே விழுந்த பிறகு விலாவில் மிதித்தார்கள். சௌந்தரபாண்டியன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு மிதித்தார். புதுச் செருப்பு.

டிப்பர் டிரைவர் சோலைராஜ்தான் அவர்கள் போன பிறகு சங்கரலிங்கத்தைத் தூக்கி, வண்டியில் கிடத்தி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வாயைத் திறந்தால் வேலை போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கொண்டுபோனான்.

அங்கேதான் தப்பு நடந்தது. யார் அடித்தது என்று டாக்டர் கேட்டார். பாதி மயக்கத்தில் இருந்த சங்கரலிங்கம், அப்பனும் பாட்டனும் சொல்லிப் பழகிய பதிலைச் சொல்லிவிட்டார்.

“மாடன் அறைஞ்சிட்டாரு.”

ஊருக்குள் சொன்னால் காற்றோடு போகும். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். ‘வாகைக்குளம்பட்டி பெரிய மடை அருகே மதியம் சுமார் பன்னிரண்டு மணிக்கு, தெரிந்த நபரான மாடன் என்பவரால் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.’ அந்தத் தாள் காவல் நிலையத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் ஏட்டு பரிபூரணம் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்குள் நினைவு தெளிந்திருந்த சங்கரலிங்கம், அடித்தது சௌந்தரபாண்டியனும் சதீஷும் என்றார். கனகலட்சுமியும் அதையே சொன்னாள். ஏட்டு பேனாவை மூடிவிட்டார்.

“நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொன்னா கோர்ட்டுல நிக்காதும்மா. மாடன்னு எழுதியாச்சு. எழுத்துல வந்துட்டா அவன் ஆளுதான்.”

இன்ஸ்பெக்டர் விஜயபாண்டிக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது. அந்த வருஷம் நிலையத்தில் கண்டுபிடிக்கப்படாத வழக்குகள் ஏராளம். மீட்டிங்கில் எஸ்.பி. நிற்க வைத்தே பேசுகிறாராம். இப்போது குற்றம் நடந்த மறுநாளே எதிரி பெயர், முகவரி, சம்பவ இடம், முன்விரோதம் எல்லாம் தயாராக வந்து நிற்கிறது. உட்கார்ந்து எப்.ஐ.ஆர். போட்டார்கள். எதிரி பெயர் மாடன் என்கிற வேலாண்டி. தொழில், நீர்பாய்ச்சி, ஓய்வு. முகவரி, பெரிய மடை, கண்மாய்க்கு உள்ளே. வயது முன்னூறு என்று அடித்தால் கம்ப்யூட்டர் வாங்கவில்லை, இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. தொண்ணூற்றொன்பது என்று போட்டார்கள். நிலை என்ற இடத்தில் ‘தலைமறைவு’.

கனகலட்சுமி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவர் மரியாதை தெரிந்தவர்.

“உன் வீட்டுக்காரர அடிச்சதுக்குக் கேஸ் போட்டாச்சு. எதிரி யாருன்னும் கண்டுபிடிச்சாச்சு. இதுக்கு மேல போலீஸ் என்னம்மா செய்யணும்? அடிச்சவனையே பிடிக்கணும்னா எப்படி?”

அவள் திரும்பி வந்தாள். கம்பெனியில் பாக்கெட் சரியில்லை என்று தள்ளிய துணியை வாங்கிவந்து புருஷன் கையைச் சுற்றிக் கட்டினாள்.

செய்தி பரவ ஒரு வாரம் ஆனது. மடைக்குப் பக்கத்தில் யாரை அடித்தாலும் மாடன் கணக்குத்தான் என்று தெரிந்தபோது சுற்றுவட்டாரமே மூச்சு விட்டது. வன்னியம்பட்டியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஷேர் ஆட்டோவில் ஒன்றாக வந்தார்கள். இடத்தகராறு. தேங்காய் உடைக்க என்று சொல்லித்தான் அண்ணன் கூட்டிவந்திருக்கிறான். தம்பிக்குத் தலையில் பதினொரு தையல். ஒரு மில் சூப்பர்வைசர், சங்கம் வைக்க வேண்டும் என்று பேசிய பையனை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இரண்டு முட்டியையும் மாடனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தேவதானம் பக்கத்து ஆள் ஒருவர் சொந்த மாமனாரைக் கூட்டிவந்தார். மாமனார் கைத்தடி ஊன்றுகிறவர், மருமகன்தான் கைகொடுத்துக் கரை ஏற்றினார். ஏற்றிய பிறகு அதே தடியால் அடித்தார். மளிகைக் கடை ஐயாதுரைக்கு ஒரு காது போனது. எதற்காக என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. வேறு யாருக்கோ குறித்திருந்த நேரத்தில் அவர் மடைப்பக்கம் வெளிக்குப் போய்விட்டார்.

உச்சிப்பொழுதுக்குக் கூட்டம் கூடியதால் வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு கான்ஸ்டபிளைப் போட்டார்கள். அவர் குடையோடு நிற்பார். அடி விழும்போது மலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். முடிந்ததும் ஆள் பெயர், காயம் எங்கே என்று குறித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போடுவார். பக்கத்து நிலையங்களிலிருந்தும் கேஸ்களைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கோபப்பட்டு வரைபடம் போட்டார். மடையிலிருந்து நூறு மீட்டர் வரைதான் மாடனின் எல்லை என்று நாலு பக்கமும் கல் நட்டார்கள்.

குடியரசு தினத்துக்கு விஜயபாண்டிக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. மைக்கில் அவர் பேசியதை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்டோம்.

“பொதுமக்களே, நூத்துக்கு நூறு வழக்குல எதிரியக் கண்டுபிடிச்ச நிலையம் நம்ம நிலையம். பல வழக்குல குத்தம் நடக்கறதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும். ஆளு அனுப்பிப் பக்கத்துலயே நின்னுருக்கோம். இத விட வேற என்ன பாதுகாப்பு வேணும்?”

கைதட்டலும் பதிவாகியிருந்தது.

இதற்குள் சோலைராஜ் தூங்க முடியாமல் போனான். அவன் அம்மா குருவம்மாள் சொல்லி எங்களுக்குத் தெரியும். சோற்றில் கை வைத்தால் சங்கரலிங்கத்தின் கை தொங்கியதுதான் நினைவுக்கு வருகிறது என்றானாம். தைப்பூசத்துக்கு மறுநாள் நிலையத்துக்குப் போய், அடித்தது யார் என்று தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். சாட்சி சொல்லத் தயார் என்றான். பரிபூரணம் அவனை வெளியே கூட்டிவந்து, “ஏலே, ஒனக்கு எதுக்குலே இது, செத்த நேரம் யோசிச்சிட்டு வா” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். அவன் போகவில்லை. இன்ஸ்பெக்டர் அவனை உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவன் வெளியே வருவதற்குள் சௌந்தரபாண்டியனுக்குப் போன் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து மதியம் பன்னிரண்டரைக்கு சோலைராஜ் மடையில் கிடந்தான். கல்தூணுக்கும் ஒரு பாறாங்கல்லுக்கும் நடுவில் தலை இருந்தது. தலை என்று பழக்கத்தில் சொல்கிறோம். சட்டைப் பையிலிருந்த லைசென்சைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டார்கள். குடைக்காரக் கான்ஸ்டபிள் அன்றைக்கு முழு நேரமும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்தார்.

குருவம்மாளிடம் இன்ஸ்பெக்டரே வந்து ஆறுதல் சொன்னார். மாடன் இப்போது சாட்சிகளைக் கலைக்கிற அளவுக்குத் துணிந்துவிட்டான், இனி விடமாட்டோம் என்றார். அந்தம்மாள், மகனின் சட்டையை எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டாள். அது வழக்குச் சொத்து, எதிரியைப் பிடித்து விசாரணை முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்றார்கள்.

கொலை வந்துவிட்டதால் மேலே கேள்வி வந்தது. அறுபத்தொரு வழக்கு, ஒரே எதிரி, ஒரு கைதுகூட இல்லையே என்று. விஜயபாண்டி ஒரு நாள் முழுக்க யோசித்து அறிக்கை எழுதினார். எதிரி தலைமறைவாக இருக்கும் இடம் கண்மாய்த் தண்ணீருக்குள். தண்ணீரை வடித்தால்தான் கைது செய்ய முடியும். வடித்த பிறகு சேற்றுக்குள் புதைந்திருந்தால் தோண்டி எடுக்க வேண்டும். பொதுநலம் கருதி இதற்கு நாலு டிப்பரும் ஒரு ஜேசிபியும் இலவசமாகத் தர ஒரு பெரியவர் முன்வந்திருக்கிறார்.

பெரியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாசி முதல் வாரம் மடையிலேயே சமாதானக் கூட்டம் போட்டார்கள். வயலில் கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதத் தண்ணீர் வேண்டும். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள். முதல் தரப்பு என்று எழுதிய நாற்காலியில் சங்கரலிங்கத்தை உட்கார வைத்தார்கள். வலது கை இன்னும் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. எதிர் நாற்காலியில் ‘எதிர்த்தரப்பு’ என்று தாள் ஒட்டி, துண்டு விரித்து, காலியாக விட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். சௌந்தரபாண்டியன் முக்கியஸ்தர்கள் வரிசையில் இருந்தார். பின்னால் சதீஷ் நின்றான். ஊர்க்காரர்கள் நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றோம்.

தாசில்தார் பாண்டிசெல்வி பேசினார்.

“இந்தத் தாலுகாவுல இது என்னோட பத்தொம்பதாவது சமாதானக் கூட்டம். எதுலயும் அடிச்சவங்கள நான் கட்டாயப்படுத்திக் கூப்பிட்டதில்ல. அடிபட்டவங்களக் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணிட்டாப் போதும். அடிச்சவங்க ஏற்கெனவே சமாதானமாத்தான் இருப்பாங்க. அமைதிங்கிறது என்ன? புகார் வராம இருக்கறது. அதனால முதல் தரப்பு ஒரு வருஷத்துக்கு அடி வாங்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, சாவியப் போட்டு ஷட்டரத் தூக்கணும்னு கேட்டுக்கிறேன்.”

சங்கரலிங்கம் எழுந்தார். சாவி இடது கையில் இருந்தது.

“அம்மா, பயிரு வயித்துல பால் இருக்கு. இப்பத் தண்ணிய விட்டா பதராப் போயிரும். அடிச்சவன் தண்ணிக்குள்ள இல்லம்மா. அந்தா ஒக்காந்து பாட்டில் தண்ணி குடிக்கான்.”

தாசில்தார் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மலைப்பக்கம் திரும்பினார். கான்ஸ்டபிள் குடையைத் தாழ்த்திப் பிடித்தார். மணி பன்னிரண்டு இருக்கும்.

சதீஷ் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்தான். அவசரப்படவில்லை. ஷாமியானாக் கம்பு ஒன்றைப் பிடுங்கி, சங்கரலிங்கத்தின் இடது தோளில் போட்டான். அடுத்தது மணிக்கட்டில். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சாவி விழுந்தது. வாயில் ஒரு உதை விட்டான். ஏட்டு பரிபூரணம் மட்டும் திரும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மலையைப் பார்த்தபடியே, “பாரும்யா, கூட்டத்துலயே வந்துட்டான். அறுவத்திரண்டுன்னு போடும்” என்றார்.

கயிற்றைத் தாண்டி கனகலட்சுமி போனதை நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அவள் புருஷனிடம் போவாள் என்று நினைத்தோம். கீழே கிடந்த சாவியை எடுத்தாள். பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க உருளை சுற்றுகிற கை. நேராக முக்கியஸ்தர்கள் வரிசைக்குப் போய் சௌந்தரபாண்டியனின் தாடையில் போட்டாள். நாற்காலியோடு போய் விழுந்தார். இரண்டாவது அடி முட்டியில். தேங்காய் உடைகிற சத்தம். மூன்றாவதுக்கு ஓங்கியபோது சதீஷ் ஓடி வந்தான். அவன் மூக்கில் சாவியின் முனையை இறக்கினாள். பிறகு அந்த நாலடி இரும்பைச் சுழற்றிக் கண்மாய்க்குள் எறிந்துவிட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

“நான்தான் அடிச்சேன். எம் பேரு கனகலட்சுமி. எழுதுங்க சார்.”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். விழுந்து கிடந்தவரைப் பார்த்தார். அறுபத்திரண்டு வழக்கையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். மடையில் ஒரே ஒரு அடியை மனுஷி அடித்ததாக எழுதினால், மற்ற அடிகளையும் யாரோ மனுஷன்தான் அடித்திருப்பான் என்று ஒரு வக்கீல் எழுந்து கேட்பான். நற்சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது.

“நீ அடிக்கலம்மா” என்றார். “உன் மேல மாடன் வந்துட்டான்.”

“எம் மேல ஒருத்தனும் வரல சார். நல்ல நெனவோட அடிச்சேன்.”

“அறுவத்திமூணு, மாடன்” என்றார் இன்ஸ்பெக்டர் ஏட்டிடம்.

ஷட்டர் வயலுக்கு வேண்டிய அளவு நாலு விரல் திறந்தபடியே நின்றது, அதற்கு மேல் தூக்க முடியவில்லை. சாவி மடைக்கு நேர் கீழே ஆழத்தில் கிடந்தது. முங்கி எடுக்க ஆள் கூப்பிட்டார்கள். எவனும் இறங்கவில்லை. இத்தனை பேரை அடித்தவர் உள்ளே இருக்கிறார் என்று அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லியிருக்கும்போது யார் இறங்குவது? புதுச் சாவிக்குப் பொதுப்பணித் துறையில் கேட்டார்கள். டெண்டர் விட்டுச் செய்துவர நாற்பத்தைந்து நாள் என்று பதில் வந்தது.

கனகலட்சுமி மூன்று நாளாக நிலையத்துக்கு நடந்தாள். தன்னைக் கைது செய்யச் சொல்லி மனு கொடுத்தாள். முதல் நாள் கிழித்துப் போட்டார்கள். இரண்டாம் நாள் டீ கொடுத்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி கட்டிக் கிடந்த சௌந்தரபாண்டியன், அவள் பெயரை எழுதச் சொல்லிப் பேப்பரில் எழுதி எழுதி போட்டோ எடுத்து அனுப்பினார். “அண்ணாச்சி, அவ பேரு வந்தா அடுத்தது ஒங்க பேரு வரும், பேசாம இருங்க” என்று இன்ஸ்பெக்டர் போனில் கெஞ்சியது வெளி பெஞ்சு வரைக்கும் கேட்டதாம்.

மூன்றாம் நாள் சங்கரலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு இப்போது இரண்டு கையிலும் கட்டு. அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், ஒரு சந்தேகம். மாடன் எல்லை எதுவரைக்கும்?”

இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்த விஷயம். “மடையச் சுத்தி நூறு மீட்டர். கல்லே நட்டிருக்கோம்லா. அதுக்கு அங்கிட்டு ஒரு அடிகூட அவனால வர ஏலாது.”

“இந்த ஸ்டேஷனு?”

“இது மூணு கிலோமீட்டர் தள்ளிக் கெடக்கு. இங்க எங்கிட்டு வருவான்?”

பாராக்காரர் சுவரில் சாய்த்து வைத்திருந்த லத்தியை அவள் எடுத்தபோது இன்ஸ்பெக்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் அடியில் நெற்றி பிளந்தது. ரத்தம் மேஜைக் கண்ணாடியில் கொட்டி, கீழே இருந்த சாமி படத்தை மறைத்தது. இரண்டாவது அடி தோள் நட்சத்திரத்தில். மூன்று நட்சத்திரத்தில் ஒன்று தெறித்து சங்கரலிங்கத்தின் காலடிக்கு வந்தது. நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்துத் தரையில் அமுக்கினார்கள். ஒரு பூட்ஸ் அவள் முதுகில் ஏறியது, இன்னொன்று விரல்களில்.

இரண்டு மாதமாக எந்த மனுஷ முகமும் தெரியாமல் இருந்த நிலையத்துக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. கனகலட்சுமி, வயது நாற்பத்துமூன்று, கணவர் பெயர், தெரு, கதவு எண், ஆதார் எண் எல்லாம் பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன.

“நோக்கம்னு ஒரு இடம் இருக்கு சார்” என்றார் பரிபூரணம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “அத நெரப்பலன்னா ஏத்துக்கிடாது.”

இன்ஸ்பெக்டர் நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார். “அவ வாயால சொல்றத ஒரு வார்த்த விடாம எழுதும்யா. பொறவு மாத்திப் பேசக் கூடாது. போலீஸ்காரன அடிச்ச கேஸு இது. உடனே கோர்ட்டுக்கு அனுப்பணும்” என்று சொல்லிவிட்டுத் தையல் போட ஜீப்பில் ஏறினார். ஆஸ்பத்திரியில் யார் அடித்தது என்று கேட்டபோது, கதவு எண் வரைக்கும் சரியாகச் சொன்னாராம்.

அவர் போனதும் பரிபூரணம் பூட்ஸ்காரர்களை வெளியே அனுப்பினார். கனகலட்சுமியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்.

“சொல்லும்மா. எதுக்காக அடிச்ச?”

அவள் சொன்னாள். கார்த்திகையிலிருந்து ஆரம்பித்தாள். தேதி, நேரம், இரும்புக் குழாய், கழற்றி வைத்த செருப்பு. சோலைராஜ் சாட்சி சொல்ல வந்தது, உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தது, வெளியே போன போன், இரண்டு நாள், பாறாங்கல். கூட்டத்தில் யார் யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பது. பரிபூரணம் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. ஒரே ஒரு முறை, “பேர முழுசாச் சொல்லும்மா, அப்பா பேரோட” என்றார். சௌந்தரபாண்டியன், சதீஷ் இருவருக்கும் அப்பா பெயரோடு ஏறியது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு ஒரு பட்டனை அழுத்தினார்.

நாலு தையலோடு திரும்பிய இன்ஸ்பெக்டர் பிரிண்டை வாங்கிப் படித்தார். முதல் பக்கத்தில் தலையாட்டினார். மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது.

“இத அழியும்.”

“ஏலாது சார். நீங்க சொன்னபடி ஒரு வார்த்த விடாம கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு” என்றார் பரிபூரணம். அன்று சாயங்காலமே அவரைத் தூக்கி ஆயுதப்படைக்கு அடித்தார்கள்.

கனகலட்சுமியை ரிமாண்டுக்குக் கொண்டுபோக வேன் வந்தது. இரண்டு விரல் வீங்கிப் பழுத்திருந்தது. சங்கரலிங்கம் வேன் படிக்குப் பக்கத்தில் நின்றார். அவளைத் தொடக்கூட அவரிடம் கை இல்லை. எப்.ஐ.ஆர். நகலை அவர் சட்டைப் பையில் பரிபூரணம் மடித்துச் செருகியிருந்தார். தான் சாவியை விடாமல் நின்றதற்கு ஜெயிலில் இவள் கிடக்கப் போகிறாளே என்று அவர் அழ ஆரம்பித்தார்.

“அழுறத நிறுத்துங்க. அழுதா மூக்கத் தொடைக்க யாரு இருக்கா” என்றாள் அவள். “கதிர் அறுக்க நாப்பது நாள் கெடக்கு. டெண்டர் சாவி வாரதுக்குள்ள அறுத்துருங்க.”

வேன் கதவைச் சாத்தப் போனவனைக் காலால் நிறுத்தினாள்.

“நேரா குருவம்மா மதினி வீட்டுக்குப் போங்க. அந்தத் தாள அவியகிட்டக் காட்டுங்க. ரெண்டாம் பக்கத்துல சோலைராஜ் பேரு இருக்கு. மாடன் பேரு எங்கயும் இல்லன்னு சொல்லுங்க.”